பழைய லாரிக்கும் பழைய ரிக்குக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும், தெரியுமா?

சத்தீஸ்கரிலோ ராஜஸ்தானிலோ ஏதாவது ஒரு காட்டில் போர் (ஆழ்துளைக் கிணறு) போடுகிற வண்டியைப் பார்த்தால் உடனே நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டிஎன் 34 என்று ஆரம்பித்தால் அது நம்ம திருச்செங்கோட்டு வண்டி! நாமக்கல் மாவட்டத்தின் ஒரு மலைக்கோயில் ஊர், நாடு முழுக்கப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுக்க வண்டி அனுப்புகிறது.

அதைவிடப் பெரிய அதிசயம், அந்த வண்டி ஒரே வண்டி இல்லை என்பது! லாரி ஒரு கம்பெனியில் பிறந்தது. மேலே உட்கார்ந்திருக்கும் துளைபோடும் கருவி, அதாவது ரிக், வேறொரு பட்டறையில் பிறந்தது. இரண்டையும் பூட்டுவது யூ போல்ட்டும் சப்-ஃபிரேமும். லாரி தேய்ந்துபோனால் ரிக்கைக் கழற்றி இன்னொரு லாரியின் முதுகில் ஏற்றலாம். அதனால்தான் திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் பக்கம் செகண்ட்ஸில் லாரி தனியாகவும் கைமாறும், ரிக் தனியாகவும் கைமாறும். தொழிலில் புதிதாக இறங்குகிறவர்கள் சறுக்குவதும் இங்கேதான். மலிவாகக் கிடைத்தது என்று ரிக்கை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதற்கு லாரி தேடுவார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டால்தான் வண்டி உருப்படும்.

10 டன் சுமையை வைத்தால் பின் அச்சு 11 டன் சுமக்கும், தெரியுமா? மந்திரம் இல்லை, நெம்புகோல் கணக்கு! முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 5 மீட்டர் என்று வையுங்கள். சுமையின் எடைமையம் பின் அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் விழுந்தால், 10 டன்னில் 2 டன் முன்னுக்கும் 8 டன் பின்னுக்கும் போகும். அதே சுமையை வெறும் ஒன்றரை மீட்டர் பின்னே தள்ளிப் பூட்டினால், மையம் பின் அச்சைத் தாண்டி அரை மீட்டர் போய்விடும். அப்போது பின் அச்சில் 11 டன்! அந்தக் கூடுதல் 1 டன் முன்சக்கரத்திலிருந்து தூக்கப்பட்ட எடை. ஸ்டியரிங் லேசாகும், ஈர ரோட்டில் வளைவு திரும்பும்போது வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. ஆகவே ரிக் எத்தனை டன் என்று கேட்பது பாதிக் கேள்விதான். அந்த டன் எங்கே உட்காரும் என்பதுதான் மீதி.

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் முதுகில் ஒரு குட்டி வீட்டையே ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவார்கள், ஸ்லைடு-இன் கேம்பர் என்று பெயர். அந்த வீட்டின் எடையையும் எடைமையத்தையும் வாங்குகிறவருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது! நம் ஊர் பழைய ரிக்கில் அந்த விவரம் ஒட்டியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்று கேளுங்கள். நிலத்தடி நீர் கீழே இறங்க இறங்க, லாரிக்குச் சக்கரம் கூடுகிறது! எப்படி? போர் போடும்போது அடியில் சுத்தியல் அடித்துப் பொடியாக்கும் பாறைத் தூளை மேலே தள்ளுவது கம்ப்ரசர் காற்று. குழிக்குள் தண்ணீர் நின்றுவிட்டால் அந்தத் தண்ணீர்த் தூணையும் காற்றுதான் தள்ள வேண்டும். 2.3 அடித் தண்ணீருக்குச் சுமார் 1 பிஎஸ்ஐ அழுத்தம். கம்ப்ரசரின் திறனைத் தொழிலில் 1100/300 என்பார்கள். நிமிடத்துக்கு 1100 கனஅடி காற்று, 300 பிஎஸ்ஐ அழுத்தம் என்று பொருள். அந்த 300 முழுவதும் செலவானால் சுமார் 690 அடித் தண்ணீரைத்தான் தாங்கும். ஆயிரம் அடிக்குப் போகிற இடத்தில் இன்னும் பெரிய கம்ப்ரசர், அதற்கு இன்னும் பெரிய எஞ்சின், அதைச் சுமக்க இன்னொரு அச்சு! ஆறு சக்கரத்தில் அடங்கிய ரிக் பத்துச் சக்கரம் கேட்பது இதனால்தான். அப்படியிருக்க, ஆழத்துக்குப் போகிற கம்ப்ரசரை வாங்கிச் சின்ன லாரியில் ஏற்றுவதை என்ன சொல்ல!

லாரி என்ன சுமந்து வளர்ந்தது என்றும் விசாரியுங்கள். நாமக்கல்லில் கேட்கவே வேண்டாம், முட்டை வண்டி நிறைய. ஒரு லட்சம் முட்டை சுமார் ஐந்தரை டன்தான்! அதை அட்டைத் தட்டில் அடுக்கினால் பாடியில் பெரும்பகுதி நிறைந்துவிடும். மணலோ ஒரு யூனிட், அதாவது 100 கனஅடியே, நாலரை டன்னுக்கு மேல். முட்டை சுமந்த சேசிஸும் மணல் சுமந்த சேசிஸும் ஒரே வருஷத்து மாடலாக இருக்கலாம், உடம்பு ஒன்றாக இருக்காது.

கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ரிக் வேலை செய்யும்போது ஹைட்ராலிக் ஜாக்கி ஊன்றி நிற்கும், அப்போது பாரத்தைத் தாங்குவது டயர் இல்லை, ஜாக்கி. சில வண்டிகளில் லாரி எஞ்சினே பிடிஓ என்ற இணைப்பு வழியாகக் கம்ப்ரசரை ஓட்டும். அந்த எஞ்சின் ராத்திரி பகல் முழுவேகத்தில் உழைத்திருக்கும், கிலோமீட்டரோ ஒன்றுகூட ஏறியிருக்காது! அங்கே கேட்க வேண்டியது எத்தனை மணி நேரம் ஓடியது என்று.

இப்போது குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். சேசிஸ் சட்டத்துக்கும் மேலே வரும் சப்-ஃபிரேமுக்கும் இடையே மரமோ ரப்பரோ ஒரு பட்டை ஓடும். இரும்போடு இரும்பு உராயாமல் இருக்க அது. யூ போல்ட் இறுக்கிய இடத்தில் சட்டத்தின் உள்பக்கம் ஒரு அணைப்புத் துண்டு இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். அது இல்லாவிட்டால் போல்ட்டை இறுக்க இறுக்கச் சட்டத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் உள்ளே மடியும். அந்த விளிம்பில் துளையோ வெல்டிங்கோ தெரிந்தால், எவ்வளவு புதுப் பெயின்ட் பளபளத்தாலும் அந்த லாரி வேண்டாம். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

ரிக்கோடு ஆட்கள் மாதக்கணக்கில் வெளியூரில் வாழ்கிறார்கள். கூடவே சப்போர்ட் லாரி ஒன்று போகும். ராடு, கேசிங் பைப், டீசல், சமையல் சாமான், படுக்கை எல்லாம் அதில். 20 அடி ராடு என்றால் ஆயிரம் அடிக்கு 50 ராடு! ஆக வாங்குவது லாரியும் ரிக்குமான ஒரு ஜோடி மட்டும் இல்லை, இந்த சப்போர்ட் லாரியும் சேர்ந்தது. அந்த ஆட்கள் வெயிலில் வெந்துபோகாமல் தூங்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பதை நான் எஞ்சினுக்குச் சமமாக வைப்பேன். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். பழைய வண்டியில் அது இருக்காது, நாம்தான் காற்றுக்கு வழி செய்ய வேண்டும்.

ஆச்சரியம் இன்னும் முடியவில்லை! மோட்டார் வாகனங்களை வகை பிரித்து மத்திய அரசு 2004-ல் வெளியிட்ட அறிவிக்கையில், ரிக் பொருத்திய வண்டியும் சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. சரக்கு லாரியாகப் பதிவான வண்டியில் ரிக்கை ஏற்றினால் வண்டியின் வகையே மாறும். இப்படி மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கட்டுப்பாடு வைக்கிறது. ஆகவே ஆர்.டி.ஓ. ஒப்புதலுக்கு என்ன வேண்டும் என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே விசாரியுங்கள். ஆர்.சி. புக்கில் எச்.பி. (கடன் பதிவு) நீங்கியிருக்கிறதா, சேசிஸ் நம்பர் சட்டத்தில் அடித்ததோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைதான் உங்கள் எல்லை. 2018-ல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன் 18.5 ஆனது, மூன்று அச்சுக்கு 25 டன் 28.5 ஆனது. அதற்கு முந்தைய வண்டி என்றால் புக்கில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே நம்புங்கள்.

கடைசி வேலை எடை மேடையில். லாரியை வெறுமையாகக் கொண்டுபோய், முன்சக்கரத்தை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு, முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு வாங்குங்கள். கழித்தால் பின் அச்சு எடை வந்துவிடும். ரிக் இப்போது வேறொரு லாரியில் இருந்தால் அதையும் இதேபோல் எடை போடச் சொல்லுங்கள். அந்த லாரியின் வெறும் எடையை முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாகக் கழித்தால் ரிக் எடையும், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெரியும். அதோடு டீசல் டேங்க் நிறைய டீசல், ஹைட்ராலிக் ஆயில், ஏற்றப்போகும் ராடு, ஆட்கள், அவர்கள் மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூட்டிய பிறகும் புக்கில் உள்ள எடைக்குள் ஒரு டன்னாவது மிச்சம் இருந்தால் மட்டும் விலை பேச உட்காருங்கள்.