வாய்க்காலுக்கு மேலயா, கீழயா?

கோபிசெட்டிபாளையம் பக்கம் பூமி விலை பேசுகிறவர் முதலில் கேட்பது, "வாய்க்காலுக்கு மேலயா, கீழயாங்க?" என்றுதான். மண் வாகு, கிணற்றின் ஆழம், தட வசதி எல்லாம் பிறகு. வாய்க்கால் என்றால் கீழ்பவானி வாய்க்கால். கரையின் ஒரு பக்கம் நெல், வாழை, மஞ்சள். மறுபக்கம் கிணற்றையும் வானத்தையும் நம்பிய மேட்டாங்காடு.

இந்த வித்தியாசம் வாய்க்கால் ஓடும் விதத்தில் இருக்கிறது. 1948-ல் தொடங்கி 1955-ல் கட்டி முடித்த பவானிசாகர் அணையிலிருந்து புறப்பட்டு, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 200 கிலோமீட்டர் போகிறது, 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாசனம். தண்ணீரை அதன் போக்கில் விட்டால் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி ஆற்றிலேயே சேர்ந்துவிடும். அதனால், உயரத்தைக் கஞ்சன் காசைப் போலச் செலவழித்திருக்கிறார்கள். மேட்டின் சரிவை ஒட்டி, வளைந்து வளைந்து, மிகக் குறைந்த இறக்கத்தில் வாய்க்கால் போகிறது. மதகைத் திறந்தால் போதும், சரிவில் கீழே இருக்கும் வயலுக்குத் தண்ணீர் தானாக இறங்கும். கரைக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில் இருந்தாலும் மேட்டுக்கு ஏறாது.

மேலும் கீழும் இங்கே எதை வைத்துச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தவை. கொடிவேரி அணைக்கட்டிலிருந்து வரும் பழைய தடப்பள்ளி வாய்க்கால் கீழ்பவானியைவிடத் தாழ்வில் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வயல் ஒன்றுக்குக் கீழே, மற்றொன்றுக்கு மேலே. "மேல தண்ணி தொறந்துட்டாங்க" என்று அந்த வயலின் விவசாயி சொன்னால், அது மேட்டைக் குறிக்காது, அணையைக் குறிக்கும். சரிவுக்கு ஒரு மேல்கீழ், ஓட்டத்துக்கு இன்னொன்று. ஓட்டத்தின் கணக்கில் தலைமடைக்காரருக்குத் தண்ணீர் முதலில் வரும். கடைமடைக்காரர் காத்திருக்க வேண்டும். ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுகளுக்கு அடுத்த போகம் என்று முறை வைத்திருப்பதும் இருக்கிற தண்ணீரைப் பங்கிடத்தான்.

கண்ணுக்குத் தெரியாத கீழும் ஒன்று உண்டு. மண் கரையில் கசியும் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி, கீழே உள்ள கிணறுகளில் ஊறுகிறது, பள்ளங்களிலும் ஓடுகிறது. வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடும் திட்டம் வந்தபோது ஒரு பகுதி விவசாயிகள் கொதித்தெழுந்தது இதனால்தான். கடைமடை வரை தண்ணீர் வரட்டும் என்று கேட்டவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கசிவை வெறும் இழப்பாக எழுதும் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. வாய்க்கால் அடைத்த பிறகும் அந்தக் கிணறுகளில் மோட்டார் ஓடுகிறது. குடிக்கவும், மாட்டுக்குக் காட்டவும், வாழையைக் காப்பாற்றவும் அந்தத் தண்ணீர்தான்.