119 அடிக்கு எத்தனை படி?

2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அணைக்குக் கீழே, தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது மணலூர்பேட்டை. 'டேம்ல எத்தனை அடி?' என்று மழைக்காலத்தில் கேட்காதவர் இங்கே குறைவு. எலக்ட்ரானிக்ஸ் பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முதல் கணக்கு கிடைக்காது.

அனலாக் சென்சார் தருவது சீராக ஏறி இறங்கும் மின்னழுத்தம். அதைப் படிகளாக எண்ணிச் சொல்வது கன்வெர்ட்டர். கடையில் 'ஏடிசி' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அணையின் முழு அளவு 119 அடி. 8 பிட் கன்வெர்ட்டரில் 256 படி. ஒரு படிக்கு ஐந்தரை அங்குலம். அர்டுயினோ ஊனோ போர்டுக்குள்ளேயே இருக்கும் 10 பிட்டில் 1,024 படி. ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவு. டெல்லியில் விஞ்ஞானி அஜித் குமார் குழுவினர் மாணவர்களுக்காக உருவாக்கிய எக்ஸ்ப்ஐஸ் கருவியின் 12 பிட்டில் ஒன்பது மில்லிமீட்டர். தனியாக வாங்கும் ஏடிஎஸ்1115 சில்லு 16 பிட். கூட்டல் கழித்தல் குறிக்கு ஒரு பிட் போனாலும், ஒரு படி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் லேசாகக் காற்றடித்தாலே அணைத் தண்ணீர் அதைவிட அதிகமாக அலையடிக்குமே! அந்தக் காசு வீண்.

பிட்டை விலைக்கு வாங்குமுன், இருப்பதை வீணாக்காமல் பார்க்கலாம். வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு, மிதவைக் கம்பியோடு ஒரு 10கே பொட்டென்ஷியோமீட்டரைப் பிணைத்தால் போதும். பைக் பெட்ரோல் டேங்கில் இருப்பதும் இதே ஏற்பாடுதான். பழைய ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோலும் பொட்டென்ஷியோமீட்டர்தான், ஆனால் பெரும்பாலும் சீராக ஏறாது. 'பி10கே' என்று கேட்டு வாங்க வேண்டும். அது முக்கால் வட்டத்துக்கு மேல் சுற்றும். மிதவையோ கால் வட்டம்தான் அசையும். 1,024 படியில் மூன்றில் ஒரு பங்குகூடப் பயன்படாது. தண்ணீர் ஒவ்வொரு அரை அடி ஏறும்போதும் அளவுகோல் வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டால், அதுவே தொட்டிக்கான அட்டவணை.

வெப்பத்துக்கு எல்எம்35 சென்சார் எளிது. டிகிரிக்கு 10 மில்லிவோல்ட். ஊனோவின் 5 வோல்ட் அளவில் ஒரு படி ஏறக்குறைய அரை டிகிரி. உள்ளே இருக்கும் 1.1 வோல்ட் அளவுக்கு மாற்ற ப்ரோக்ராமில் ஒரு வரி போதும். படி பத்தில் ஒரு டிகிரியாகச் சுருங்கும். சென்சாரே அரை டிகிரி பிசகக்கூடியது என்பதால், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வது நல்லது.

வெளிச்சத்துக்கு ஒரு எல்டிஆர், கூட ஒரு 10கே ரெசிஸ்டர். லக்ஸ் கணக்கெல்லாம் அதில் வராது. பொழுது சாய்ந்ததா என்று மட்டும் சொல்லும்.

மண் ஈரம் பார்க்கத்தான் பலரும் ஆசையாக வாங்குகிறார்கள். இரண்டு பல் முள்கரண்டி மாதிரியான மலிவு ரகத்தில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் மின்பகுப்பில் உலோகம் கரைந்துவிடும். கெபாசிட்டிவ் ரகம் சற்று விலை கூடுதல், ஆனால் உலோகம் மண்ணைத் தொடாது. முள்கரண்டியைத்தான் ஏற்கெனவே வாங்கிவிட்டார்களா? அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுக்கட்டும்.