மைலுக்கொரு வாசல்

வட இங்கிலாந்தில் எஞ்சி நிற்கும் ஹேட்ரியன் மதிலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் நீளத்தைச் சொல்லி வியப்பதோடு நின்றுவிடுகிறார்கள். நீளம் பெரிதுதான். கிழக்கே டைன் ஆற்றங்கரை தொடங்கி மேற்கே சொல்வே கழிமுகம் வரை 80 உரோம மைல். நம் கணக்கில் ஏறத்தாழ 117 கிலோமீற்றர். ஆனால், என் கவனத்தை இழுத்தது மதிலோடு ஒட்டி மைலுக்கு ஒன்றாகக் கட்டப்பட்ட சிறு கோட்டைகள்தாம். ஆங்கிலத்தில் 'மைல்காசில்' என்பார்கள். நாம் 'மைற்கோட்டை' எனலாம். கோட்டை என்றதும் காலிக் கோட்டையை நினைத்துவிடக் கூடாது. உள்ளே சுமார் 15 மீற்றருக்கு 18 மீற்றர். ஐந்தாறு வகுப்பறைகள் அடங்கும் இடம், அவ்வளவுதான்.

கி.பி. 122 இல் பேரரசர் ஹேட்ரியன் பிரித்தானியாவுக்கு வந்தார். மதில் வேலையும் அதையொட்டியே தொடங்கியது. கிழக்குப் பகுதி கல்லாலும், மேற்குப் பகுதி முதலில் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளாலும் எழுந்தது. இரண்டு மைற்கோட்டைகளுக்கு நடுவே இரண்டு காவற்கோபுரங்கள். கிழக்கிலிருந்து இவற்றுக்கு இலக்கமிடும் முறை இன்றும் வழக்கில் உள்ளது.

ஒவ்வொரு மைற்கோட்டைக்கும் பொதுவாக இரண்டு வாசல்கள். ஒன்று தெற்கே, மற்றது மதிலை ஊடறுத்து வடக்கே. வரலாற்று ஆசிரியர் லீவில் நின்ற ஒரு நாள் தரம் 10 இல் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "மதிலக் கட்டிட்டு ஏன் சேர் மைலுக்கு மைல் கேற் வெச்சாங்க?"

கேட்க வேண்டிய கேள்வி. உரோமரையும் 'காட்டுமிராண்டி'களையும் பிரிக்கவே ஹேட்ரியன் இதைக் கட்டினார் என்று, அவருக்கு மிகவும் பிற்பட்ட ஓர் இலத்தீன் நூல் சொல்கிறது. பாடப்புத்தகங்கள் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டன. கல்லோ வேறு கதை சொல்கிறது. பிரிப்பது மட்டுமே நோக்கமென்றால் எண்பது இடங்களில் துளையிடுவானேன்? ஆட்கள் வரட்டும், போகட்டும். ஆனால் நாங்கள் காட்டும் வழியால், எங்கள் கண் முன்னால் என்பதே அந்த வாசல்களின் பொருள் என நான் கருதுகிறேன்.

அப்படிக் கடப்பது எப்படி இருந்திருக்கும்? இந்த மதிலில் கடந்தவர்கள் ஏதும் எழுதிவைக்கவில்லை. ஆனால் மதிலுக்கு அரை நூற்றாண்டு முன்பு, றைன் ஆற்று எல்லையில் வாழ்ந்த தெங்க்தெரி மக்களின் முறைப்பாட்டை வரலாற்றாசிரியர் தசித்தஸ் பதிந்துள்ளார். அக்கரையிலுள்ள தம் சொந்தங்களைப் பார்க்கப் போவதென்றாலும் ஆயுதத்தைக் களைந்து, ஏறக்குறைய உடுப்பின்றி, காவலோடு, காசும் கொடுத்துப் போக வேண்டியிருந்ததாம். சோதனைச் சாவடியில் இறங்கி நடந்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொரு வேடிக்கை. 37 ஆம் மைற்கோட்டை செங்குத்தான பாறை விளிம்பில் நிற்கிறது. அதற்கும் வடக்கு வாசல் உண்டு; வளைவுக் கற்கள் சில இன்னும் தெரிகின்றன. வாசலைத் தாண்டினால் கீழே சரிவு, வண்டி இறங்க வழியே இல்லை. மைலுக்கொரு வாசல் என்பது மேலிடத்துக் கட்டளை. நிலம் எப்படிக் கிடந்தாலும் கட்டியாக வேண்டும். சுற்றறிக்கைக்குப் பழகிய எங்களுக்கு இது புதினமில்லை. அயலிலுள்ள 38 ஆம் மைற்கோட்டையில் கிடைத்த கல்வெட்டு பேரரசர் பெயரையும், ஆளுநர் பிளதோரியஸ் நேபோஸின் பெயரையும், கட்டிய இரண்டாம் லீஜியனின் பெயரையும் தாங்கியுள்ளது. கல் சுமந்த எவருடைய பெயரும் அதிலில்லை.

காவல் நின்றவர்கள் பல தேசத்தவர். மதிலையொட்டிய கார்வோரன் என்ற பெரிய கோட்டையில் சிரியாவின் ஹமா நகரத்து வில்லாளர் படையொன்று இருந்தது. அந்த வெயில் எங்கே, இந்தக் குளிர் எங்கே! அங்கிருந்து மேற்கே சற்றுத் தொலைவிலுள்ள 48 ஆம் மைற்கோட்டையில் இரண்டு படைவீடுகளின் அடித்தளமும், ஒரு மூலையில் ரொட்டி சுட்ட அடுப்பும், மற்றொரு மூலையில் மேலேறும் படிகள் சிலவும் எஞ்சியுள்ளன. அப்படிகளின் சாய்வை வைத்தே மேல்நடை ஏறத்தாழ 12 அடி உயரத்தில் இருந்திருக்கும் எனக் கணித்தார்கள்.

கி.பி. 140களில் எல்லை ஸ்கொட்லாந்துக்குள் நகர்ந்தபோது மைற்கோட்டைக் கதவுகளைக் கழற்றினார்கள். கதவு சுழலும் குழிக்கற்களை உடைத்தும் போட்டார்கள். இருபது ஆண்டளவில் திரும்பி வந்து மீண்டும் கதவு பூட்டினார்கள். பின்னர், அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், பல வடக்கு வாசல்களைக் கல்வைத்துக் குறுக்கினார்கள். வண்டி போன இடத்தில் ஒரு மனிதன் நுழையும் அகலம் மட்டும் மிஞ்சியது. 37 ஆம் மைற்கோட்டையின் வாசலும் அப்படிக் குறுக்கப்பட்டதுதான்.