இமொஜென் என்னும் பெயர்

மக்கட்பெயர்கள் தெய்வப் பெயராலும் முன்னோர் பெயராலும் அமைதல் எந்நாட்டிலும் காணப்படும் மரபு. எழுத்துப் பிழையினின்று ஒரு பெயர் பிறத்தலோ மிக அரிது. ஆங்கிலேயரிடையே வழங்கும் இமொஜென் என்னும் பெண்பாற்பெயர் அத்தகையதென்பது அறிஞர் பலரின் துணிபு.

செகசிற்பியரின் 'சிம்பலீன்' நாடகத் தலைவி இப்பெயருக்குரியவள். அந்நாடகம் முதன்முதல் அச்சேறியது 1623ஆம் ஆண்டிலே. ஆசிரியர் 1616இலேயே மறைந்தாராதலின், அச்சுப்படியை அவர் திருத்தியிருத்தல் இயலாது. 1611இல் நாடகத்தைக் கண்ட சைமன் ஃபோர்மன் என்பார் தம் குறிப்பிலே தலைவியை இன்னொஜென் என்றே எழுதினார். செகசிற்பியர் பயின்ற ஹாலின்செட்டின் வரலாற்று நூலிலும், பழங்கதை மன்னன் புரூட்டசின் மனைவி பெயர் இன்னொஜென். மேலும், 1600இல் அச்சான 'மச் அடூ அபௌட் நத்திங்' நாடகத்திலே, லியொனாட்டோவின் மனைவியாக, ஒரு வார்த்தையும் பேசாத இன்னொஜென் ஒருத்தி குறிக்கப்படுகின்றாள். சிம்பலீன் தலைவியின் கணவன் பெயரும் லியொனாட்டசே. இவ்வொற்றுமை தற்செயலாய் நேர்ந்ததெனல் பொருந்தாது.

இனிப் பிழை நேர்ந்தவாற்றை நோக்குவாம். அக்கால ஆங்கிலக் கையெழுத்திலே னகரவொலிக்குரிய எழுத்து இரு சிறு கோடுகளாலும், மகரவொலிக்குரியது மூன்று கோடுகளாலும் ஆயவை. அடுத்தடுத்து நின்ற இரண்டு னகரங்களை அச்சுக்கோப்பாளன் ஒரு மகரமெனக் கொள்ளுதல் எளிதே.

இன்னொஜென் என்பதனை, மகள், பெண் எனப் பொருள்படும் கெல்த்தியச் சொல்லோடு இயைப்பர். இமொஜென் என்பதற்கோ தனிப்பொருள் இல்லை. ஆயினும் அப்பெயர் வாழ்ந்தது. இசைப்புலவர் குஸ்டாவ் ஹோல்ஸ்ட்டின் மகளாராய், தாமும் இசைப்புலமையிற் சிறந்த இமொஜென் ஹோல்ஸ்ட் (1907–1984) அப்பெயரையே தாங்கினார்.

1986இல் வெளிவந்த ஒக்ஸ்போட் பதிப்பு இன்னொஜென் என்னும் பாடத்தை மீட்டுக்கொண்டது. பழைய அச்சுப்பாடமே ஆசிரியர் கருத்தென்பாரும் உளர். நூலிலே மூலபாடத்தை நாடுதல் பதிப்பாசிரியர் கடன். மக்கட்பெயரிலோ வழக்கே பெரிது. தஞ்சாவூர் தஞ்சையானதை மரூஉ என்று நம் இலக்கண நூலார் தழுவிக்கொண்டனர். மரூஉ நாவிலே பிறப்பது. இமொஜென் அச்சுக்கூடத்திலே பிறந்தது. பிறப்பு வேறாயினும், பெற்றோர் விரும்பியிட்டு, மகள் கேட்டுத் திரும்பிப் பார்க்கும் பெயரைப் பிழையென்று விலக்குதல் யார்க்கும் இயலாது.