தாம்பரத்தின் காற்றை அளப்பது யார்? மாநகராட்சியும் ஐ.ஐ.டி.யும் கைகோத்தால் என்ன மாறும்?

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம். நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, வைத்தியம் இவ்வளவுதான். அப்போது, 1928-ல், டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து தன் நோயாளிகளுக்காகத் தேர்ந்தெடுத்த ஊர் தாம்பரம். அவர் தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ‘சானடோரியம்’ என்று மின்சார ரயில் நிலையத்துக்கு வந்த பெயரும் அதிலிருந்துதான்.

காற்றுக்காகத் தேடிப்போன அந்த இடத்தை ஒட்டி இன்று ஓடுவது ஜி.எஸ்.டி. சாலை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டப் பேருந்துகளும் அவற்றைப் பிடிக்கப் போகும் ஆட்டோ, கார், மாநகரப் பேருந்துகளும் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் குவிகின்றன. வடக்கே பல்லாவரத்தையும் பம்மலையும் தாண்டினால் விமான நிலையம். கிழக்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில் பெருங்குடி குப்பைக் கிடங்கு. இவற்றுக்கு நடுவில், ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் உருவானது 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சி.

அப்படியானால் தாம்பரத்தின் காற்று கெட்டுப்போய்விட்டதா? சுவாசிப்பவர்கள் ‘ஆமாம்’ என்று சட்டெனச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு மாநகராட்சி பணம் செலவழிக்க அந்த ‘ஆமாம்’ போதாது. எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எதனால் என்று தெரிய வேண்டும். பல்கலைக்கழகம் உள்ளே வருவது இந்த இடத்தில்தான்.

மீட்டர் எங்கே இருக்கிறது?

தென்சென்னைப் பக்கம் காற்றை இடைவிடாமல் அளக்கும் நிலையங்களாக நன்கு அறியப்பட்டவை ஆலந்தூர் பேருந்து பணிமனை, வேளச்சேரி, பெருங்குடி ஆகிய மூன்றும். மூன்றும் பெருநகர சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் இருப்பவை. வேளச்சேரியில் ஓடும் மீட்டர், பல கிலோமீட்டர் தள்ளி பீர்க்கன்காரணையில் ஒரு காலிமனையில் குப்பை எரிந்ததைச் சொல்லாது. சொல்லும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை.

கடலிலிருந்து சுமார் 14 கி.மீ. உள்ளே இருக்கிறது தாம்பரம். மெரினாவில் மதியமே தொடங்கிவிடும் கடற்காற்று இங்கே வந்துசேரக் கொஞ்சம் தாமதமாகும். மார்கழி, தை மாத விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசையாமல் நிற்கும். புகை மேலே போக வழியில்லாமல் மூக்கு உயரத்திலேயே படர்ந்திருக்கும். பள்ளிக்கூட வேன்கள் கிளம்புவதும் வாக்கிங் போகிறவர்கள் இறங்குவதும் அந்த நேரத்தில்தான். கரையோர நிலையம் ஒன்றின் சராசரியை வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியாது.

முழுத்தரமான ஒரு நிலையம் அமைக்கப் பெரும் செலவாகும். பராமரிக்க ஆள், குளிர்சாதன அறை, தடையில்லா மின்சாரம் எல்லாம் வேண்டும். வார்டுக்கு ஒன்று என்பது நடக்காத காரியம். இதற்கு மாற்றாகத்தான் சென்னை ஐ.ஐ.டி.யின் ‘காற்று’ திட்டம் வந்தது. பேராசிரியர் ரகுநாதன் ரெங்கசாமி தலைமையிலான குழு 2022-ல் இதை அறிவித்தது. விலை குறைந்த சிறிய கருவிகளைப் பொது வாகனங்களில் பொருத்திவிடுகிறார்கள். வண்டி ஓட ஓட, தெருத் தெருவாக பி.எம். 1, பி.எம். 2.5, பி.எம். 10 துகள்களும் நைட்ரஜன், கந்தக ஆக்ஸைடுகளும் பதிவாகும். ஒரு முழு நிலையத்துக்கு ஆகும் செலவில் ஒரு நகரத்தையே வரைபடமாக்கிவிடலாம் என்பது அந்தக் குழுவின் வாதம். இதே கருவி சாலையின் மேடுபள்ளங்களையும் பதிவு செய்யும் என்பது மாநகராட்சிப் பொறியாளர்களுக்குக் கூடுதல் லாபம்.

மெஷின் வச்சா போதுமா?

போதாது. அதற்குச் சென்னையின் வியர்வையே சாட்சி. சிறிய கருவிகள் பெரும்பாலும் லேசர் ஒளியைப் பாய்ச்சி, துகள்கள் அதைச் சிதறடிக்கும் அளவை வைத்துக் கணக்குப் போடுகின்றன. ஈரப்பதம் அதிகமானால் துகள் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். கருவி அதையும் மாசு என்றே எண்ணும். ஐப்பசி மழையில் ‘காற்று மோசம்’ என்று காட்டும் பெட்டியை ஒரு வாரம் பார்த்தால் வார்டு கவுன்சிலர் அப்புறம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். அதனால் சிறிய கருவிகளை அவ்வப்போது தரமான நிலையத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ஈரப்பதத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும். டெண்டரில் பெட்டி வாங்கலாம். இந்தத் திருத்தும் வேலையை டெண்டரில் வாங்க முடியாது. வருடக்கணக்காக மாணவர்களும் ஆய்வாளர்களும் உட்கார்ந்து செய்ய வேண்டியது அது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. தொடங்கி வண்டலூர், காட்டாங்குளத்தூர் வரை இத்தனை பொறியியல் கல்லூரிகள் வரிசையாக இருக்கும் ஒரு பகுதியில் அதற்கு ஆள் பஞ்சம் இருக்கக் கூடாது.

புகைக்கு ஜாதகம்

‘எவ்வளவு’ என்பது தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி ‘எதனால்’. இதுதான் கடினமானது, பணத்தின் திசையைத் தீர்மானிப்பதும் இதுதான்.

காற்றை ஒரு வடிதாளின் வழியாக உறிஞ்சி, அதில் படிந்ததை ஆய்வகத்தில் பிரித்துப் பார்ப்பார்கள். சிலிக்கான், அலுமினியம் அதிகம் என்றால் மண் தூசி. விறகும் இலைச்சருகும் எரிந்தால் பொட்டாசியமும் லெவோகுளுகோசன் என்ற ஒருவகைச் சர்க்கரைப் பொருளும் இருக்கும். சோடியம் கடல் உப்பைக் காட்டும். புகையின் ஜாதகம் கணிப்பது மாதிரிதான். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூரு, புனே, கான்பூர் ஆகிய ஆறு நகரங்களில் நடத்திய இத்தகைய ஆய்வு 2010-களின் தொடக்கத்தில் வெளியானது. சென்னைக்கான பகுதியைச் செய்தது சென்னை ஐ.ஐ.டி. அதாவது இந்தக் கூட்டு இன்று நேற்று தொடங்கியது அல்ல. ஆனால் அன்றைய ஆய்வின் நகரம் வேறு. கிளாம்பாக்கம் முனையமும் தாம்பரம் மாநகராட்சியும் அப்போது இல்லை.

2021 ஜனவரியில் ‘நேச்சர் ஜியோசயன்ஸ்’ இதழில் வந்த இன்னோர் ஆய்வு தாம்பரத்துக்கு இன்னும் நெருக்கமானது, ஆய்வுக்களம் டெல்லியாக இருந்தாலும். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் சச்சின் குந்தே குழுவினர், ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனம், மான்செஸ்டர் பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு சேர்ந்து டெல்லியின் பனிப்புகையை ஆராய்ந்தார்கள். பிளாஸ்டிக் கலந்த குப்பை எரிவதும் சில தொழிற்சாலைகளும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் காற்றில் கலக்கின்றன. அது அம்மோனியாவுடன் சேர்ந்து துகளாகி, ஈரத்தை உறிஞ்சி ஊதிப் பெருக்கிறது. டெல்லியில் பார்வைத்தூரம் குறைவதில் ஏறத்தாழ பாதிக்கு இதுவே காரணம் என்றது ஆய்வு. ‘குப்பைதானே, ஒரு தீக்குச்சி போட்டா வேலை முடிஞ்சிடும்’ என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2018 ஜனவரி 13, போகி. அதிகாலையில் பழைய பொருட்களை எரித்த புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் ஓடுபாதையை மறைத்தன. விமானங்கள் தாமதமாகின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. ஊருக்கே தெரிந்த புகை அது. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி கிடங்கு தீப்பிடித்துப் பல நாள் எரிந்ததும் எல்லோருக்கும் தெரிந்தது. தெருமுனையில் தினமும் விடியற்காலை எரியும் சின்னச் சின்னக் குவியல்களுக்குத்தான் கணக்கே இல்லை.

பணம் எங்கே போகிறது?

தேசிய தூய காற்றுத் திட்டம் 2019 ஜனவரியில் தொடங்கியது. பட்டியலில் சுமார் 130 நகரங்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. தாம்பரத்துக்குத் தனி இடம் இல்லை. ஒவ்வொரு நகரத்திலும் உள்ளாட்சி அமைப்பு, மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம், ஓர் உயர்கல்வி நிறுவனம் மூன்றும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது திட்டத்தின் ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நடந்தது என்ன? டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-ல் கணக்குப் பார்த்தது. இந்தத் திட்டத்தின் கீழ் நகரங்கள் செலவழித்த தொகையில் 64 சதவீதம் சாலைத் தூசிக்கே போயிருந்தது: தார் போடுவது, குழி அடைப்பது, பெருக்கும் இயந்திரம், தண்ணீர் தெளிக்கும் லாரி. குப்பை, விறகு எரிப்பதைத் தடுக்க சுமார் 14.5 சதவீதம். வாகனப் புகைக்கு 12.6. தொழிற்சாலைகளுக்கு ஒரு சதவீதம்கூட இல்லை.

காரணம் எளிது. நகரங்களுக்கு மதிப்பெண் போடுவது பி.எம். 10-ஐ வைத்து. அது பெரிய துகள், தூசியில் அதிகம். நுரையீரலின் ஆழத்துக்கும் அங்கிருந்து ரத்தத்துக்கும் போகும் பி.எம். 2.5, பெரும்பாலும் எரிவதிலிருந்து வருகிறது. தேர்வில் கேட்கும் கேள்விக்குத்தானே பையன் படிப்பான்? ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பேராசிரியர் ‘தெருவைப் பெருக்குவதைவிட எரிப்பதை நிறுத்துங்கள்’ என்று சொல்லியிருந்தாலும், மதிப்பெண் பெருக்கும் இயந்திரத்துக்குத்தான். இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

இதில் பாதிக்கப்படுவது யார் என்பதற்குப் போரூரிலேயே பதில் இருக்கிறது. ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டில் 1,285 தாய்-சேய் இணைகளைப் பின்தொடர்ந்து 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கர்ப்ப காலத்தில் சுவாசித்த பி.எம். 2.5 ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் 2 சதவீதம் கூடியது.

மாநகராட்சியால் முடிவது, முடியாதது

ஜி.எஸ்.டி. சாலையில் ஓடும் லாரிக்குப் புகைச் சான்று கேட்பது மாநகராட்சியின் வேலை இல்லை. விமானமும் அதன் கையில் இல்லை. ஆனால் குப்பை முழுக்க அதன் கையில்தான் இருக்கிறது. கழிவை எரிக்கக் கூடாது என்று 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. தினமும் வீட்டு வாசலில் குப்பை வண்டி வந்தால் எரிக்கத் தேவை இருக்காது. கட்டுமான இடங்களில் மணலை மூடிவைக்கச் சொல்வது, சருகை உரமாக்க ஒவ்வொரு மண்டலத்திலும் இடம் கொடுப்பது, தூய்மைப் பணியாளர் மேல் பழியைப் போடாமல் அவருக்கு வண்டி நடை ஒன்று கூடக் கொடுப்பது எல்லாம் அதன் அதிகாரத்துக்குள் வருபவை. எந்த வார்டில், எத்தனை மணிக்கு என்று ஆய்வகத்தின் வரைபடம் காட்டினால், சுகாதார ஆய்வாளர் எழுபது வார்டிலும் அலைய வேண்டாம். ஏழு தெருவில் நின்றால் போதும்.

லண்டனில் ஒரு சிறுமியின் சான்றிதழ்

உள்ளாட்சியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து காற்றை அளப்பதில் நீண்ட அனுபவம் லண்டனுக்கு உண்டு. அந்நகரின் உள்ளூர் மன்றங்கள் தங்கள் பகுதிகளில் வைத்த நிலையங்களை ஒரே வலைப்பின்னலாக்கி, 1993-லிருந்து நடத்திவந்தது கிங்ஸ் கல்லூரி. 2020-ல் அது இம்பீரியல் கல்லூரிக்கு மாறியது. அளவுகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டன.

அந்தப் பழைய பதிவுகள் ஒரு நாள் தேவைப்பட்டன. லூயிஷம் பகுதியில், நெரிசலான சவுத் சர்குலர் சாலைக்கு அருகே வாழ்ந்த எல்லா அடூ-கிஸி-டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி 2013 பிப்ரவரியில் ஆஸ்துமாவால் இறந்தாள். அவளது அம்மா விடவில்லை. பேராசிரியர் ஸ்டீபன் ஹோல்கேட், வீட்டிலிருந்து சுமார் ஒரு மைல் தொலைவில் இருந்த நிலையத்தின் பதிவுகளையும் அவள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து 2018-ல் அறிக்கை தந்தார். 2020 டிசம்பர் 16 அன்று, மரண விசாரணை அதிகாரி ஃபிலிப் பார்லோ அவளது மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று பதிவு செய்தார். பிரிட்டனில் அப்படிப் பதிவானது அதுவே முதல் முறை. அந்த மீட்டர் அங்கே இல்லாமல் போயிருந்தால் அம்மாவின் சந்தேகம் சந்தேகமாகவே நின்றிருக்கும்.

எண்ணை எப்படிப் படிப்பது?

மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி அளவுகளை இலவசமாகப் பார்க்கலாம். பச்சை நிறத்தைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன் ஒரு விஷயம். பி.எம். 2.5-க்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் நிர்ணயித்தது 15. அதனால் 55 இருக்கும் நாளில் செயலி காட்டும் சொல் ‘திருப்திகரம்’. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது வரம்பைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல்.