குடிகளுக்குக் கட்டளை, கம்பெனிக்கு இஷ்டமா?

அமெரிக்காவின் வெர்மாண்ட் ராஜ்யத்தார் 2012-ஆம் வருஷம் இயற்றிய சட்டப்படி, 2020 ஜூலை 1 முதல் எந்த வீட்டாரும் சமையற்கழிவைக் குப்பையோடு சேர்க்கலாகாது. நன்று, மண்ணினின்று வந்தது எருவாகி மண்ணையே சேர்வது நியாயமன்றோ?

அதே சட்டசபை 2018-இல் சூரிய மின்சாரப் பலகைகள் நாட்டிய நிலத்தைக் குறித்தும் விதி செய்தது. அங்கே பூச்செடிகள் தழைத்தால் தேனீக்களும் வண்டுகளும் பிழைக்கும். அயல் வயல்களில் மகரந்தம் பரவிக் காய் பிடிக்கும். ஆனால் இவ்விதி எவரையும் நிர்ப்பந்திப்பதில்லை. ‘தேனீக்கு உகந்த நிலம்’ என்று பெருமை பேச விரும்பும் கம்பெனி மட்டும் குறித்த தரத்தை எட்டவேண்டுமாம்! பொய்ப் பெருமையைத் தடுத்தவரையில் மெச்சத்தக்கதே. ஆயினும் கிழவியின் அடுப்படிக்குள் நுழையத் துணிந்த சட்டம் முதலாளியின் வேலியருகே கைகட்டி நிற்பதேன்? மின்சார நிலையம் அமைக்க அரசாங்க அனுமதி பெற்றே தீரவேண்டும். அவ்வனுமதியில் இதையும் ஒரு நிபந்தனையாக்கத் தடையென்ன?