புது மர மில் ஏன் வருவதில்லை?



எங்க அப்பா மரம் அறுக்கும் மில்லில் வேலை செய்கிறார். சொந்தமா ஒரு மில் போடணும் என்பது அவர் ஆசை. "நினைச்ச உடனே போட முடியாதும்மா, லைசென்ஸ் கிடைக்கணும்" என்பார். ஏன் என்று தேடிப் படித்தேன்.

நீலகிரி மாவட்டம் கூடலூரில் காட்டு மரங்களை வெட்டுவதை எதிர்த்து, 1995-இல் கேரளாவின் நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். மத்திய அரசு அனுமதி இல்லாமல் காட்டுக்குள் மர மில் நடத்தக் கூடாது என்று 12.12.1996 அன்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. அருணாசலப் பிரதேசத்தில் திரப், சாங்லாங் பகுதி மில்களையும், எல்லையை ஒட்டி அசாமில் 100 கி.மீ. வரை இருந்த மில்களையும் உடனே மூடச் சொன்னது. 2002-இல் நாடு முழுக்க புது மில்லுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2016 முதல், மரம் எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்து, மாநிலக் குழு அனுமதி தருகிறது.

அதாவது எத்தனை மில் இருக்கலாம் என்பதை முடிவு செய்வது மரம்தான்!

அப்பாவின் ஆசை தள்ளிப் போவது எனக்கு வருத்தம்தான். ஆனா மரமே தீர்ந்துட்டா, இப்ப இருக்கிற மில்லுக்கும் வேலை இருக்காது, அப்பாவுக்கும் கூலி இருக்காது. அதனால எங்க வரப்புல பத்து மலைவேம்புக் கன்று வச்சிருக்கோம். நீங்களும் வையுங்க!